நெல்லை மாணவர்களின் உளவியல் வினாத்தாள் மதிப்பெண்ணை வெளிநாட்டு சராசரியோடு நேராக ஒப்பிடலாமா?

பொருநைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். உளவியல் முதுகலை ஆய்வேட்டுக்காக 18 முதல் 25 வயது வரை உள்ள கல்லூரி மாணவர்களிடம் வினாத்தாள் கொடுக்கத் திட்டம். பாளையங்கோட்டை, பேட்டை, மேலப்பாளையம் வட்டாரத்தில் சுமார் 250 பேர். அதே தமிழ்த் தாளை யாழ்ப்பாணத்தில் 250 பேரிடம் கொடுத்து வாங்க ஒரு தோழி இருக்கிறாள். மூன்றாவதாக, அமெரிக்கக் கட்டுரைகளில் அச்சான சராசரியை எடுத்துப் பக்கத்தில் வைத்து டி-டெஸ்ட் (இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தைச் சோதிக்கும் கணக்கு) போடலாம் என்று யோசனை.

எடுத்து வைத்திருக்கும் தாள்கள்: டாஸ்-21 (மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் அளக்கும் 21 கேள்வி), ரோசன்பர்க் சுயமதிப்பு அளவுகோல், உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத்தர வினாத்தாளில் 26 கேள்விச் சுருக்கப் பதிப்பு, பி.எச்.க்யூ-9 (மனச்சோர்வுக்கான 9 கேள்வி).

இந்த ஒப்பீடு நிற்குமா? ஆல்ஃபா (தாளின் நம்பகத்தன்மை எண்) எல்லா இடத்திலும் 0.80க்கு மேல் வந்தால் போதுமா? மொழிபெயர்ப்பைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்துச் சரியாக இருந்தால் அதோடு விட்டுவிடலாமா?

மணிமுத்தாறு:

தங்கச்சி, அமெரிக்க சராசரியை முதல்ல தூக்கி ஓரமா வச்சிருங்க. அச்சான சராசரியும் திட்டவிலக்கமும் மட்டும் கையில இருந்தா டி-டெஸ்ட் போட முடியும்தான். ஆனா வர்ற வித்தியாசம் பிள்ளைகள் மனநிலையில இருக்கா, தாள்லயே இருக்கான்னு பிரிச்சுச் சொல்ல வழியே கிடையாது. அதைப் பிரிக்கணும்னா ஒவ்வொரு ஆளும் ஒவ்வொரு கேள்விக்கும் போட்ட பதில் வேணும். ஓபன் சயின்ஸ் ஃப்ரேம்வொர்க் மாதிரி களஞ்சியங்கள்ல சிலர் மூலத் தரவையே போட்டிருப்பாங்க, தேடுங்க. இல்லன்னா கட்டுரை ஆசிரியருக்கே எழுதிக் கேளுங்க. ரெண்டும் நடக்கலன்னா அமெரிக்காவை விட்டுட்டு நெல்லையும் யாழ்ப்பாணமும் போதும். ஒரு முதுகலை ஆய்வேட்டுக்கு அதுவே தாராளம்.

அச்சான சராசரியில இன்னொரு வில்லங்கமும் இருக்கு. டாஸ்-21ல மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் மூணுக்கும் தலா 7 கேள்வி, ஒவ்வொண்ணும் 0 முதல் 3. 42 கேள்வி முழுத் தாளோட அளவுக்குக் கொண்டுவர கூட்டுத்தொகையை 2ஆல பெருக்கணும்னு விதி. சிலர் பெருக்கிப் போடுவாங்க, சிலர் பெருக்காமலே போடுவாங்க, கட்டுரையில அதைச் சொல்லவும் மாட்டாங்க. ரோசன்பர்க்கும் அப்படித்தான். 10 கேள்வியை ஒருத்தர் 0–3னு எண்ணி 30க்கு மதிப்பெண் போடுவார், இன்னொருத்தர் 1–4னு எண்ணி 40க்குப் போடுவார். இதைப் பார்க்காம பக்கத்துல வச்சா நெல்லைப் பிள்ளைகளுக்குச் சுயமதிப்பே இல்லன்னு முடிவு வந்து நிக்கும்.

டாஸ் வெட்டுப்புள்ளிகளையும் அப்படியே தூக்கிப் போடாதீங்க. மனச்சோர்வுல 0–9 இயல்பு, 10–13 லேசு, 14–20 மிதம், 21–27 கடுமை, 28லேர்ந்து மிகக் கடுமைன்னு இருக்குல்லா, அது 1995ல ஆஸ்திரேலியாவுல வந்த கையேட்டு அளவு. அந்த நாட்டுப் பரவல்ல ஒரு ஆள் எங்க நிக்கிறார்னு காட்டுற கோடு அது. திருநெல்வேலியில இத்தனை சதவீதம் பேருக்குக் கடுமையான மனச்சோர்வுன்னு அதை வச்சு எழுதினா வாய்மொழித் தேர்வுல யாராவது ஒருத்தர் பிடிப்பார்; பிடிக்கணும்.

ஆல்ஃபா விஷயம். ஒரு தாளுக்குள்ள இருக்கிற கேள்விகள் ஒண்ணோட ஒண்ணு எவ்வளவு ஒட்டிப்போகுதுன்னுதான் அது சொல்லும். ரெண்டு ஊர்லயும் 0.85 வந்தாலும், ஒரு கேள்வி ஒரு ஊர்ல எல்லாருக்குமே அரைப் புள்ளி கூடுதலா விழுந்துக்கிட்டு இருக்கலாம். ஆல்ஃபாவுக்கு அது தெரியவே தெரியாது.

கோளாறு மூணு இடத்துல வரும்னு பண்பாடு தாண்டின ஒப்பீட்டை ஆராய்ஞ்ச வான் டெ வைவர் பிரிச்சுச் சொல்லுவார்: கருத்துலயே கோளாறு, எடுக்கிற முறையில கோளாறு, தனிக் கேள்வியில கோளாறு. கடைசி ரெண்டைப் பத்தி மத்தவங்க சொல்லட்டும், முதல் வகைக்கு மட்டும் ஒரு உதாரணம். 18–25ஐத் தனிப் பருவமா உளவியலாளர் ஆர்னெட் 2000ல எழுதினார். அதை அளக்க 2007ல 31 கேள்வித் தாள் ஒண்ணு வந்துச்சு, சுருக்கமா ஐடியான்னு சொல்லுவாங்க. தன்னைத் தேடுதல், சோதனை செஞ்சு பார்த்தல், நிலையின்மை, தன்மேல கவனம், பிறர்மேல கவனம், பெரியவரும் இல்ல சின்னவரும் இல்லங்கிற நடுநிலை, இப்படி ஆறு பகுதி. இதுல பிறர்மேல கவனத்துக்கு மூணே கேள்விதான். அம்மா பீடி சுத்திப் படிக்க வைக்கிற வீட்டுல, அக்கா கல்யாணக் கடனைத் தலையில வச்சுக்கிட்டு டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற 22 வயசுப் பையனுக்கு இளமைப் பருவம்னா பாதிக்கு மேல அந்தப் பகுதியிலதான் இருக்கும். மொழிபெயர்ப்பு எவ்வளவு சுத்தமா இருந்தாலும் அந்த மூணு கேள்வி அவன் வாழ்க்கையைப் பிடிக்காது. புள்ளிவிவரம் போட்டு இதைச் சரிக்கட்ட முடியாது. வேற கேள்வி சேர்க்கணும், இல்ல வேற தாள் எடுக்கணும்.

உங்க பட்டியல்ல வாழ்க்கைத்தரத் தாள் நல்ல தேர்வு. ஒரு ஊர்ல எழுதி மத்த ஊருக்கு ஏற்றுமதி பண்ணினது இல்ல அது. 15 மையங்கள்ல ஒரே நேரத்துல உருவாக்கினாங்க, அதுல சென்னையும் ஒண்ணு. ஆனா அதுலயும் நம்ம ஊருக்கு ஒரு குழி இருக்கு. 21ஆவது கேள்வி பாலியல் வாழ்க்கையில திருப்தியான்னு கேக்கும். கல்யாணம் ஆகாத பிள்ளைகள்ல நிறைய பேர் அதைக் காலியா விடுவாங்க. அது இருக்கிற சமூக உறவுப் பகுதியில மொத்தமே 3 கேள்விதான். மத்த பகுதிகள்ல ரெண்டு வரை விடுபட்டா மிச்சத்தோட சராசரியை அங்க போட்டுச் சமாளிக்கலாம். இந்தப் பகுதிக்கு மட்டும் வழிகாட்டியில விதி இன்னும் இறுக்கம். அதனால அந்தப் பகுதியில மட்டும் ஆள் எண்ணிக்கை சரியும், மிச்சம் இருக்கிறவங்களும் ஒரு மாதிரியான கூட்டமா இருப்பாங்க. அந்தப் பகுதியை ஒப்பீட்டுல சேர்க்கலன்னு முன்கூட்டியே எழுதி வச்சிருங்க. 3, 4, 26 மூணும் மதிப்பெண்ணைத் திருப்பி எண்ண வேண்டிய தலைகீழ்க் கேள்வி, அதையும் மறக்காதீங்க.

சேரன்மாதேவி அக்கா:

முறையில வர்ற கோளாறை நான் சொல்லுதேன். கணக்கு போடுதவங்க இதை ஒரு வரியில தாண்டிப் போயிருவாங்க.

டாஸ்-21ல 2ஆவது கேள்வி வாய் வறண்டு போனதை உணர்ந்தீங்களாங்கிறது. பதற்றத்துக்கான 7 கேள்வியில ஒண்ணு. இதைக் கத்திரி வெயில்ல, மின்விசிறி ஓடாத வகுப்புல கேட்டா என்ன பதில் வரும்? மேலப்பாளையத்துல ரமலான் மாசம் கேட்டா? நோன்பு வச்ச பிள்ளை உண்மையைத்தான் எழுதும், ஆனா அது பதற்றம் இல்ல. மூச்சு வாங்குது, நெஞ்சு அடிக்குதுங்கிற கேள்விகளுக்குத் தாள்லயே உடல் உழைப்பு இல்லாம இருக்கும்போதுன்னு வேலி போட்டிருக்கு. வாய் வறட்சிக்கு வேலி இல்ல. அதனால ரெண்டு ஊர்லயும் தேதியைச் சேர்த்து முடிவு பண்ணுங்க: நோன்பு மாசம் வேண்டாம், மே வேண்டாம், செமஸ்டர் தேர்வுக்கு முன்ன பின்ன ரெண்டு வாரம் வேண்டாம். டாஸ் கேக்கிறது போன ஒரு வாரம், பி.எச்.க்யூவும் வாழ்க்கைத்தரத் தாளும் கேக்கிறது போன ரெண்டு வாரம். அந்த நாட்கள்ல ஊர்ல என்ன நடந்துச்சுன்னு ஒரு வரி ஆய்வேட்டுல இருக்கணும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அடுத்த மாசம் இங்க எடுத்த தரவை வேற ஊரோட சும்மா வச்சுப் பார்க்க முடியுமா?

தாளை வகுப்பு ஆசிரியர் கையால கொடுக்க விடாதீங்க. வருகைப் பதிவு எண் எழுதச் சொல்லாதீங்க. அங்க கைப்பேசிப் படிவம், இங்க காகிதம்னு வச்சீங்கன்னா ஊர் வித்தியாசமும் கருவி வித்தியாசமும் கலந்துரும், அப்புறம் பிரிக்கவே முடியாது. ரெண்டு பக்கமும் ஒண்ணே வைங்க. தாள்களோட வரிசையும் ஒண்ணா இருக்கணும். சோகமான 30 கேள்விக்கு அப்புறம் ரோசன்பர்க் வந்தா பதில் மாறும். கைப்பேசியில ரோசன்பர்க்கைக் கட்டம் கட்டமா அட்டவணையா போட்டா ஒரே நேர்கோட்டுல தட்டிட்டுப் போவாங்க. ஒரு திரைக்கு ஒரு கேள்வி.

திரும்ப ஆங்கிலத்துக்கு மாத்திப் பார்க்கிறதைப் பெருசா நம்பாதீங்க. வார்த்தைக்கு வார்த்தை போட்ட மோசமான மொழிபெயர்ப்புதான் திரும்ப மாத்தும்போது அச்சு அசலா வரும். நல்ல தமிழ் அப்படி வராது. ரெண்டு பேர் தனித்தனியா மொழிபெயர்க்கட்டும். ஒருத்தர் உளவியல் தெரிஞ்சவர், ஒருத்தர் தெரியாதவர். மூணாவது ஆளோட உக்காந்து வரிக்கு வரி பேசி ஒண்ணாக்குங்க, ஏன் அதை எடுத்தோம்னு குறிச்சு வைங்க. அப்புறம் ஊருக்கு 8–10 பேரைத் தனியா உக்கார வச்சு, கேள்வியை வாசிச்சு மனசுல ஓடுறதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்க. அந்தப் பத்துல ஆங்கில வழிப் பிள்ளைகளா எடுத்திராதீங்க; வீட்டுல முதல் ஆளா கல்லூரிக்கு வந்த பிள்ளை பாதியாவது இருக்கணும்.

அப்போ கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு: "இந்தக் கட்டத்தைப் போட்டிருக்கியே, பதினாலு நாள்ல எத்தனை நாள்னு நெனச்சுப் போட்ட?" பி.எச்.க்யூவுல ரெண்டாவது கட்டம் சில நாள், மூணாவது பாதிக்கு மேல, அதாவது 8 நாளாவது இருக்கணும். ரெண்டாவது கட்டத்துக்குத் தமிழ்ல பல நாட்கள்னு போட்டா பத்து நாள் கஷ்டப்பட்ட பிள்ளையும் அங்கேயே போட்டுரும், மூணாவது கட்டம் வெறிச்சுன்னு கிடக்கும். பி.எச்.க்யூவுக்குத் தமிழ்ப் பதிப்பு ஏற்கெனவே இருக்கு, இலவசம். நீங்களா புதுசா எழுத வேண்டாம். அந்தப் பதிப்பையே இப்படிக் கேட்டுப் பார்த்து என்ன வருதோ அதை எழுதுங்க.

கொக்குவில்:

வணக்கம். யாழ்ப்பாணப் பக்கத்துக்கு அதே தாள் எண்டு எழுதியிருக்கிறீங்கள். மொழி ஒண்டுதானே எண்டு நினைச்சு இந்தப் படியை விடாதேங்கோ. இரண்டு இடம் மட்டும் காட்டுறன்.

இஞ்ச ஆக்களோட கதைக்கிறது எண்டுதான் சொல்லுவம். "அம்மா பேசினவா" எண்டால் ஏசினவா எண்டு அர்த்தம். வீட்டில் பேசுவது குறைந்துவிட்டதா எண்டு ஒரு கேள்வி இருந்தால், இஞ்சத்தைப் பிள்ளை ஏச்சுக் குறைஞ்சது நல்லதுதானே எண்டு நினைக்கும். டாஸில் 12ஆவது கேள்வி உடலும் மனமும் தளர்ந்து இருக்க முடியேல்லை எண்டது. அதை ஆறுதல் எண்ட சொல்லை வைச்சு மொழிபெயர்த்தால் உங்கட பக்கம் தேற்றுதல் எண்டு எடுப்பினம், எங்கட பக்கம் அவசரமில்லாமல் எண்டு எடுப்பினம். இரண்டு ஊரிலும் ஒண்டாய் விளங்குற சொல்லை எடுங்கோ. கிடைக்காட்டி இரண்டு பதிப்பு வைச்சு, எந்தக் கேள்வியில் சொல் வேறு எண்டு அட்டவணை போடுங்கோ. பிறகு அந்தக் கேள்விகளைத்தான் கணக்கில் முதல் சந்தேகப்பட வேணும்.

பொருநைக்கரை:

அண்ணாச்சி, அக்கா, கொக்குவில் மூவருக்கும் நன்றி. அமெரிக்காவை எடுத்துவிடுகிறேன். இனி கணக்கு. ஆர் மென்பொருளில் லாவான் தொகுப்பு ஓரளவு தெரியும். எந்த வரிசையில் செய்வது? மாதிரித் தரவில் ஓட்டிப் பார்த்தால், ஒரு குழுவில் 3 என்ற பதிலை யாருமே போடாத கேள்விகளில் பிழை காட்டி நிற்கிறது.

கணக்குப்புள்ள:

லாவானை ஓட்டுறதுக்கு முன்னாடி கைக்கணக்கா மூணு பாத்துருங்க.

ஒண்ணு, ரோசன்பர்க்ல தலைகீழ்க் கேள்வி 3, 5, 8, 9, 10னு மூல வரிசையில வரும். நீங்க வரிசை மாத்தியிருந்தா எண்ணும் மாறும். திருப்பி எண்ணின பிறகும் ஏதாவது கேள்வி மொத்தத்தோட எதிர்க்குறி ஒட்டுறவு காட்டினா, ஒண்ணு திருப்ப மறந்திருக்கீங்க, இல்ல அந்தக் கேள்வி புரியல.

ரெண்டு, திருப்பி எண்றதுக்கு முன்ன 10 கேள்விக்கும் ஒரு சராசரி எடுங்க. 5 நேர், 5 தலைகீழ்ங்கிறதால, 1–4 அளவுல ஒவ்வொரு ஆளுக்கும் 2.5 பக்கத்துல நிக்கணும். ஒரு ஊர் முழுக்க 2.9, 3ன்னு வந்தா அங்க எதைக் கேட்டாலும் ஆமாம் போடுற பழக்கம் வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

மூணு, ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு கட்டத்துலயும் எத்தனை பேர்னு ரெண்டு குழுவுக்கும் அட்டவணை. உங்க பிழை அங்கதான் இருக்கு. ஒரு குழுவுல காலியா இருக்கிற கட்டத்துக்கு வாசல் மதிப்பு, அதாவது ஒரு கட்டத்துலேர்ந்து அடுத்த கட்டத்துக்குத் தாண்டுற எல்லை, கணிக்க முடியாது. 2ஐயும் 3ஐயும் சேர்த்து ஒண்ணாக்குங்க, ரெண்டு குழுவுக்கும் ஒரே மாதிரி. இதுக்கு ஒரு விலை உண்டு: கட்டம் மூணா குறைஞ்சுட்டா, அந்தக் கேள்வியில வாசல் மதிப்பு சமமான்னு தனியா சோதிக்க முடியாம போகும். அதனால தேவைப்பட்ட கேள்விக்கு மட்டும் சேருங்க, எல்லாத்துக்கும் வேண்டாம்.

இப்ப வரிசை. நாலு கட்டப் பதிலைத் தொடர் எண்ணா நெனைக்காம வரிசைத் தரவுன்னு சொல்லி, அதுக்கான டபிள்யூ.எல்.எஸ்.எம்.வி. கணிப்பு முறையில ஓட்டுங்க. செம்டூல்ஸ் தொகுப்புல மெஷ்-ஈக்யூ-சின்டாக்ஸ்னு ஒரு கட்டளை இருக்கு, வூ–எஸ்டாப்ரூக் 2016 முறையைத் தேர்ந்தெடுங்க. முதல்ல ரெண்டு ஊர்லயும் ஒரே வடிவம் பொருந்துதா. அடுத்து வாசல் மதிப்புகள் சமம். அடுத்து காரணிச் சுமைகள் (அளக்கிற விஷயத்தோட ஒவ்வொரு கேள்வியும் எவ்வளவு இறுக்கமா ஒட்டுதுங்கிறது) சமம். அடுத்து வெட்டு மதிப்புகள் (ஒரே மனநிலையில இருக்கிறவங்களுக்கு அந்தக் கேள்வி எந்த அளவுல தொடங்குதுங்கிறது) சமம். கடைசிப் படி தாண்டினாத்தான் சராசரியை ஒப்பிடலாம். சுமை வரைக்கும்தான் தாண்டுச்சுன்னா, தாளுக்கும் வேற ஒண்ணுக்கும் உள்ள உறவை மட்டும் ரெண்டு ஊருக்கும் ஒப்பிடலாம். உதாரணமா சுயமதிப்பு ஏறினா மனச்சோர்வு எவ்வளவு இறங்குதுன்னு. சராசரியில கை வைக்கக்கூடாது.

மாதிரி தரவோட எவ்வளவு பொருந்துதுன்னு காட்டுற எண்கள் ரெண்டு இருக்கு: ஒவ்வொரு படியிலயும் சி.எஃப்.ஐ. 0.01க்கு மேல விழுந்தா நில்லுங்க, ஆர்.எம்.எஸ்.இ.ஏ. 0.015க்கு மேல ஏறினாலும்தான். இந்த எல்லைகள் தொடர் தரவுக்கு வகுத்தவை, வரிசைத் தரவுக்கு அப்படியே வேதவாக்கு இல்ல. கை-ஸ்கொயர் வித்தியாசத்தையும் சேர்த்துப் போடுங்க. ரெண்டு குழுவும் 250–250ன்னு இருக்கிறது நல்லதாப் போச்சு. ஒண்ணு 200, இன்னொண்ணு 1500ன்னு இருந்தா பெரிய குழுவே கணக்கை இழுத்துக்கிட்டு உண்மையான கோளாறை மறைச்சுரும்.

ரோசன்பர்க் முதல் படியிலயே சறுக்கும், பயப்படாதீங்க. தலைகீழ்க் கேள்விகள் தங்களுக்குள்ள தனியா ஒட்டிக்கும். தமிழ்ல எதிர்மறை வாக்கியத்துக்கு ஒப்புக்கொள்ளவில்லைன்னு பதில் போடணும்னா ரெண்டு இல்லையைத் தாண்டி யோசிக்கணும். அந்த அஞ்சுக்கும் ஒரு முறைக் காரணி, அதாவது கேட்ட விதத்தால வர்ற ஒட்டுதலுக்குன்னு ஒரு தனிக் காரணி, சேர்த்தா பொருந்தும். 53 நாடுகள்ல எடுத்து 2005ல வெளியான ஒப்பீட்டுலயே எதிர்மறைக் கேள்விகள் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி எடுத்துக்கப்படலன்னு வந்துருக்கு. 8ஆவது கேள்வியை, அதாவது என்மேல எனக்கு இன்னும் மரியாதை இருந்தா நல்லாருக்கும்ங்கிறதை, தூக்கியே போட்டுருங்க. நம்ம பக்கம் அதை நல்ல ஆசைன்னு எடுத்துக்கிட்டு ஆமாம் போடுவாங்க, மதிப்பெண் குறையும்.

மணிமுத்தாறு:

கணக்குப்புள்ள சொன்னதுல கடைசி வரிக்கு மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். தரவு வர்றதுக்கு முன்னாடியே ஒரு கேள்வியைத் தூக்கினா அது வேற தாள். வேற யாரோட முடிவுகளோடயும் பேச முடியாது. 10 கேள்வியும் கேளுங்க. வெட்டு மதிப்புப் படியில நின்னா, எந்தக் கேள்வியோட கட்டுப்பாடு அதிகமா இடறுதுன்னு பார்த்து ஒண்ணை மட்டும் விடுவிச்சுத் திரும்ப ஓட்டுங்க. தேவைன்னா அடுத்தது. ஒரே நேரத்துல நாலை விடுவிக்காதீங்க, எது காரணம்னு தெரியாம போயிரும். பாதிக்கு மேல கேள்விகள் சமமா நிக்கிற வரைக்கும் ஒப்பீடு பேசலாம். அப்புறம் சராசரி வித்தியாசத்தை ரெண்டு விதமா போடுங்க: எல்லாத்தையும் சமம்னு கட்டினப்ப எவ்வளவு, இடறினதை விடுவிச்சப்ப எவ்வளவு. ரெண்டும் ஒரே பக்கம் சாய்ஞ்சு அளவும் கிட்டக்கிட்ட இருந்தா முடிவு நிக்கும். குறி மாறினா அதையே முடிவா எழுதுங்க.

கணக்குப்புள்ள:

சரி அண்ணாச்சி, அது நியாயம்தான். ஆனா 8ஐ விடுவிச்சா ஏன் இடறுச்சுன்னு அக்கா சொன்ன வாய்விட்டுச் சொல்ற பேட்டியிலேர்ந்து ஒரு வரி ஆதாரம் காட்டணும். வெறும் எண்ணைக் காட்டி விடுவிச்சா, நமக்குப் பிடிச்ச முடிவு வர்ற வரைக்கும் விடுவிச்ச மாதிரி ஆயிரும்.

சேரன்மாதேவி அக்கா:

ஒண்ணு விட்டுப் போச்சு. பி.எச்.க்யூ-9ல 9ஆவது கேள்வி சாகிற எண்ணம், தன்னைக் காயப்படுத்திக்கிற எண்ணம் பத்தினது. பேர் இல்லாத படிவத்துல ஒரு பிள்ளை அங்க கிட்டத்தட்ட தினமும்னு போட்டா நீங்க என்ன செய்வீங்க? யார்னே தெரியாது. அதனால ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணுங்க. தொடர்பு எண் வாங்கி, அன்னன்னிக்குப் பதிலைப் பார்த்து, 1ஓ அதுக்கு மேலயோ போட்டவங்களை அன்னிக்கே கூப்பிட ஒரு பயிற்சி பெற்ற ஆள் இருக்கணும். அது முடியாதுன்னா அந்தக் கேள்வி இல்லாத 8 கேள்விப் பதிப்பை, பி.எச்.க்யூ-8ஐ எடுங்க. எதை எடுத்தாலும் தாளோட கடைசியில டெலி-மனஸ் 14416, தமிழ்நாட்டு 104 ரெண்டும் பெரிய எழுத்துல இருக்கட்டும். யாழ்ப்பாணத் தாளுக்கு இந்த எண்கள் உதவாது. அங்கத்து எண்ணை உங்க தோழி போடணும்.

நெறிமுறைக் குழு விண்ணப்பத்துல இதைத்தான் முதல்ல கேப்பாங்க. ரெண்டு நாட்டுல எடுக்கிறதால ரெண்டு இடத்து அனுமதியும் வேணும், அதுக்கே நேரம் ஒதுக்குங்க. முதலாண்டு வகுப்புல 18 நிறையாத பிள்ளைகள் கண்டிப்பா இருப்பாங்க. வயசுன்னு கேக்காம பிறந்த தேதி கேளுங்க, ஒப்புதல் பக்கத்துக்கு முன்னாடியே.